டீச்சரைக் கேளுங்கள்: பங்குனி விடியலில் யார் யார் குரல் கொடுக்கிறார்கள்?

(அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் டீச்சர் எழுதும் பகுதி. இந்த முறை காலை நடை, மரம், பறவை பற்றி வந்த கடிதங்கள்.)

கேள்வி: டீச்சர், ஐப்பசியில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அதிலிருந்து விடிகாலை நான்கு மணிக்கே விழிப்புத் தட்டிவிடுகிறது. இருட்டிலேயே ஏதோ ஒரு குருவி கத்துகிறது, அப்புறம் குயில். ‘ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வாங்க அத்தை, மனசுக்கு இதமா இருக்கும்’ என்கிறாள் மருமகள். வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் இவளுக்கு நடை கேட்கிறதா என்று தெருவில் பேசுவார்களே என்று தயக்கமாக இருக்கிறது. குருவிச் சத்தம் கேட்டால் துக்கம் குறைந்துவிடுமா?
— பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: அம்மா, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் எடுத்தேன். தெருவுக்குப் பதில் சொல்லிவிட்டுக் குருவிக்கு வருகிறேன். பூவைப் பற்றியும் பொட்டைப் பற்றியும் விசேஷ வீட்டுக்குப் போவதைப் பற்றியும் ஊர் ஆயிரம் சொல்லும். அதில் பெரும்பாலானது எனக்கு உடன்பாடில்லை. அதை விடுங்கள், விடிகாலையில் ஒருத்தி ஏரிக்கரையில் நடக்கக் கூடாது என்று எந்தச் சடங்கிலும் கிடையாது. மருமகளே போகச் சொல்கிறாள். நல்ல பெண். கிளம்புங்கள்.

என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்குப் பெரிய சிரமமாக இருந்தது, துக்கம் விசாரிப்புதான். ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரும் நின்று, ‘எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க’ என்று கேட்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசி நாளை ஒரே காலையில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு வீடு திரும்பினால் உடம்பில் தெம்பே இருக்காது. அதனால் பாதையை மாற்றிக்கொண்டேன். டீக்கடை இல்லாத பக்கம், தென்பெண்ணையை ஒட்டிய மாந்தோப்புகளுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை. அங்கே தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் ஒருவர்தான். ‘வந்தீங்களாம்மா’ என்பார், ‘வந்தேங்கய்யா’ என்பேன், அவ்வளவுதான் பேச்சு. உங்கள் ஊரிலும் தக்காளிக் கொல்லைகளுக்கு நடுவில் அப்படி ஒரு பாதை இருக்கும். தேடுங்கள். துணைக்கு முதல் சில நாள் மருமகளையே கூட்டிக்கொள்ளுங்கள்.

இருட்டில் முதலில் கத்துகிறது என்றீர்களே, அது அநேகமாகக் கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். உடம்பு முழுக்கக் கறுப்பு, வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும், பகலில் கரண்டுக் கம்பியிலும் மாட்டு முதுகிலும் உட்கார்ந்திருக்கும். கிழக்கு வெளுப்பதற்கு வெகு முன்னாலேயே எழுந்துவிடும். அடுத்து குண்டுகரிச்சான். அது கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். ஆண் குருவி மரத்தின் உச்சியிலோ மாடிக் கம்பியிலோ போய் உட்கார்ந்துகொண்டு, ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடாமல் மாற்றி மாற்றிப் பாடும். தையில் அது இருக்கிற இடமே தெரியாது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் அதன் காலம். அதற்குள் குயில் ஆரம்பித்துவிடும். பிறகு கொல்லைப் பக்கம் கௌதாரி, புதருக்குள்ளிருந்து ‘ஊப் ஊப்’ என்று செம்போத்து, வெளிச்சம் வந்ததும் காக்காவும் மைனாவும், கூட்டமாகச் சண்டை போடுகிற தவிட்டுக்குருவிகளும். வெயில் ஏறினால் குக்குறுவான், ‘டுக் டுக் டுக்’ என்று நிறுத்தாமல்.

இவை ஏன் விடிகாலையை எடுத்துக்கொள்கின்றன என்றால், இரை தேட அப்போது வெளிச்சம் போதாது, காற்றும் அடங்கியிருக்கும், குரல் தூரம் போகும். இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்கும், நான் இங்கே இருக்கிறேன் என்று பெட்டைக்கும் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். துக்கம் குறையும் என்று நான் எழுதித் தரமாட்டேன். உங்கள் துக்கம் அவர் உங்களோடு வாழ்ந்ததின் அளவு. அது குருவிச் சத்தத்தில் குறைய வேண்டும் என்று நீங்களே விரும்பமாட்டீர்கள். குறையக்கூடியது வேறொன்று. நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் மோட்டு வளையைப் பார்த்தபடி படுத்திருக்கிறோமே, அப்போது மனசு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருமே, ‘இன்னும் ஒரு நாள் முன்னால் கூட்டிப் போயிருந்தால்’ என்று, அது குறையும். ‘இது யார் குரல், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது’ என்று காது தேட ஆரம்பித்தால், அதே நேரத்தில் மனசால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க முடியாது. எனக்கு முதலில் கிடைத்த ஆறுதல் இதுதான். சில நிமிஷங்கள்தான் கிடைத்தது. ஆனால் தினமும் கிடைத்தது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1,292 பேரின் செல்போனில் ஒரு செயலி மூலம், ஒரே நாளில் பல தடவை, ‘இப்போது மனம் எப்படி இருக்கிறது, பறவையைப் பார்த்தீர்களா, குரல் கேட்டதா’ என்று கேட்டு வந்தார்கள். பறவையைப் பார்த்தபோதும் கேட்டபோதும் மனநிலை மேலாக இருந்தது. அந்த நன்மை எட்டு மணி நேரம் வரைக்கும் நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. காலை ஆறு மணிக்குக் கேட்டது மதியச் சமையல் முடியும் வரைக்கும் கூட வருகிறது என்றால், அது சின்ன விஷயம் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது? தினமும் ஒரே பாதையில் போங்கள். வேகம் வேண்டாம், எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கும் வேண்டாம். டாக்டர் சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன நடை வேறு, இது வேறு. பாதி நேரம் நின்றுகொண்டே இருக்கலாம். கையில் டார்ச்சும் நாய்க்கு ஒரு கம்பும் இருக்கட்டும். தோப்பில் மருந்து அடிக்கிற நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள். முதல் வாரம் கரிச்சானை மட்டும் அடையாளம் கண்டுபிடித்தால் போதும், அடுத்த வாரம் குயிலைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்த பழக்கத்தில், வந்துவிட்டாயா, வந்துவிட்டாயா என்று மனசுக்குள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே போவேன். ஒருநாள் செம்போத்து வரவில்லை என்றால் மறுநாள் காலை எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நடக்கும்போது அழுகை வந்தால் அழுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் ஆள் இல்லாத பாதையைச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விடிகாலை விழிப்பு இப்படியே நீடித்து, சாப்பாடும் இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ, நடையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கட்டணம் இல்லாமல் மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மருந்தும் சாப்பிடலாம், குயிலும் கேட்கலாம்.

கேள்வி: வசந்தம், வசந்தம் என்கிறார்களே, அதெல்லாம் பனி பெய்கிற நாடுகளுக்குத்தானே? நம் தருமபுரியில் வெயில், அதைவிட வெயில் என்று இரண்டு காலம்தானே இருக்கிறது?
— கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: தம்பி, அங்கே மாதிரி ஐஸ் உருகி, பூ பூத்து நமக்கு வசந்தம் வராது. அதற்காக இல்லை என்று சொல்லிவிடாதே. பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். மரங்களும் பறவைகளும் அந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை, மாசியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் மயானக் கொள்ளை முடிந்த வாரத்தில் குயில் சத்தம் கூடிவிடும்.

இந்த வாரம் பத்து நிமிஷம் ஒதுக்கி உன் தெருவில் இருக்கிற புங்க மரத்தைப் பார். பங்குனியில் பழைய இலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கொஞ்ச நாளிலேயே பளபளவென்று இளம்பச்சை போட்டுக்கொள்ளும். அந்தப் பச்சையை வருஷத்தில் வேறு எப்போதும் பார்க்க முடியாது. அரச மரம் செம்பு நிறத்தில் துளிர்க்கும். மாந்தோப்பில் பூ கொட்டிப் பிஞ்சு பிடித்திருக்கும். மாம்பூவுக்கு ஈக்கள் வரும், ஈக்களுக்காகப் பஞ்சுருட்டானும் கரிச்சானும் வரும். புளி உலுக்கி, வீட்டு வாசலில் உட்கார்ந்து பெண்கள் ஓடு தட்டிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் வேம்பு பூக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகளில் யுகாதிக்கு அந்தப் பூவைத் தேடுவார்கள், நாம் சித்திரை முதல் நாளுக்குத் தேடுவோம்.

நம் ஊரில் வருஷத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தையும் உடம்பால் உணர்ந்து பறவைகள் கூடு கட்டத் தயாராகின்றன என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

இன்னொன்றையும் கவனி. இது வருகிற காலம் மட்டும் இல்லை, கிளம்புகிற காலமும்கூட. குளிர்காலத்தில் கொல்லைகளில் கூட்டம் கூட்டமாக இறங்கிய சூறைக்குருவிகள், கறுப்புத் தலையும் ரோஜா நிற உடம்புமாக இருக்குமே, அவை மத்திய ஆசியாவுக்குத் திரும்பத் தயாராகின்றன. மதகடியில் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்த சாம்பல் வாலாட்டி இமயமலைப் பக்கம் போய்விடும். ஏப்ரல் தாண்டினால் இரண்டும் கண்ணில் படாது.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது போன புளியமரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. உன் அப்பாவிடம் கேள், நிழலிலேயே ஊர்ப் போய்ச் சேர்ந்த காலத்தைச் சொல்வார். மிச்சம் இருக்கிற மரங்களிலாவது ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டாமல் உன் வயதுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கூவுவது ஆண் குயிலா, பெண் குயிலா? வீட்டில் பந்தயம்.
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: ஆண். கன்னங்கரேல் என்று, சிவந்த கண்ணோடு இருக்கும். கீழ் சுருதியில் தொடங்கி ஒவ்வொரு கூவலிலும் மேலே ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்திவிடும். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று கரடுமுரடாக இருக்கும். காக்கா கூட்டில் முட்டை இடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். காக்காவின் முட்டைக்கு முன்னாலேயே குயில் முட்டை பொரிந்துவிடும். பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று எழுதுங்கள்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். அறையில் நாலு பேர். ஊரில் அம்மா, அப்பா. மனசு எப்போதும் படபடப்பாகவே இருக்கிறது. இயற்கை நடை என்று நீங்கள் எழுதுவதெல்லாம் தோப்பும் ஏரியும் உள்ளவர்களுக்குத்தான். எனக்கு எங்கே இருக்கிறது நேரமும் காடும்?
— 24 வயது வாசகர், ஓசூர்

பதில்: கோபமாக எழுதியிருந்தாலும் நியாயமாக எழுதியிருக்கிறாய் தம்பி. காடு வேண்டாம். உனக்கு வேண்டியது ஆறு நிமிஷம்.

காரணத்தோடுதான் ஆறு என்கிறேன். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 295 பேரை ஆறு நிமிஷம் ஒலிப்பதிவு கேட்க வைத்தார்கள். சிலருக்குப் பறவைக் குரல், சிலருக்குப் போக்குவரத்து இரைச்சல். 2022இல் முடிவு வந்தது. பறவைக் குரல் கேட்டவர்களுக்குப் படபடப்பும், பிறர் மேல் வருகிற வீண் சந்தேகமும் குறைந்தன. மனச்சோர்வில் பெரிய மாற்றம் இல்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நம்புகிறேன். நீ எழுதியிருப்பது படபடப்புதானே?

இரவு ஷிஃப்ட் முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருகிறாய். அதுதான் பறவைகள் உச்சத்தில் இருக்கிற நேரம், ஊரே தூங்கி எழுகிறபோது உனக்கு அது கூலியோடு சேர்ந்து கிடைக்கிறது. கம்பெனி பஸ்ஸில் இருந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு நட. வழியில் எங்கேயாவது செம்பருத்தியோ முருங்கையோ பூத்திருக்கும். அங்கே நில். கட்டைவிரல் அளவு தேன்சிட்டு வரும். ‘டுவீட் டுவீட்’ என்று அதன் உடம்புக்குப் பொருந்தாத சத்தத்தில் ஒன்று கத்தினால் அது தையல்சிட்டு, இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற குருவி. பகல் ஷிஃப்ட் வாரத்தில் விடுமுறை நாளன்று சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைப் படிகளில் விடிவதற்குள் ஏறிப் பார். ராமநாயக்கன் ஏரிப் பக்கமும் போகலாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் பங்குனி எட்டு மணிக்கே வியர்க்கும், உனக்கு ஒன்பது வரைக்கும் குளிர்ச்சி உண்டு.

அறைக்குப் போனதும் அம்மாவைக் கூப்பிட்டு இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று சொல். சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பல வீடுகளில் போன் சீக்கிரம் வைக்கப்படுகிறது.

கேள்வி: அஞ்செட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆசிரியையாக வந்திருக்கிறேன். ஊரைச் சுற்றிக் காடு. விடிகாலையில் தனியாகக் காட்டுப் பாதையில் நடந்துபோய்ப் பறவைகள் கேட்க ஆசை. போகலாமா?
— புதிய ஆசிரியை

பதில்: போகக் கூடாது கண்ணு. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, ஊடேதுர்கம் இதெல்லாம் யானை நடமாடுகிற பூமி. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று 2014இல் அறிவித்திருக்கிறார்கள். ராத்திரி ராகிக் கொல்லையில் இறங்கிய யானை, வெளிச்சம் வருவதற்கு முன்னால் காட்டுக்குத் திரும்புகிற நேரமும் நீ கிளம்ப நினைக்கிற நேரமும் ஒன்று. அந்த இருட்டில் இருபது அடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. காப்புக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதியும் வேண்டும்.

வெயில் நன்றாக வந்தபிறகு, ஊருக்குள்ளேயே நட. பள்ளிக்கூட மைதானம், கோயில் ஆலமரம், ஊர்க் கிணற்று மேடு, இவை போதும். ஆல் பழுத்திருந்தால் காட்டில் உள்ள பாதிப் பறவைகள் உன்னைத் தேடி ஊருக்குள் வந்துவிடும். உன்னிடம் படிக்கிற பிள்ளைகளைக் கேள். எந்தப் பறவை எந்தப் புதரில் கூடு கட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் உனக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு பாடவேளை இருந்தால், வகுப்பே வேறு மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமாகிவிட்டது. பேரன் ‘தாத்தா, குருவி கத்துது’ என்கிறான், எனக்குக் கேட்பதில்லை. எனக்கு இந்த ஆறுதல் எல்லாம் கிடையாதா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: ஐயா, எத்தனை ஆயிரம் பேரைப் பத்திரமாக ஊர் சேர்த்த காது அது. முதலில் அரசு மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காது கேட்கும் கருவியால் பலன் உண்டா என்று சொல்வார்கள். கருவி வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம், கண்ணாடி போடுகிறோமே.

வயதாலும் இரைச்சலாலும் போகிற காதில் மெல்லிய, உச்ச சுருதிக் குரல்கள்தான் முதலில் போகும். பேரனுக்குக் கேட்பது தேன்சிட்டாக இருக்கலாம். தாழ்ந்த குரல்கள் வெகுநாள் தங்கும். செம்போத்தின் ‘ஊப் ஊப்’ கேட்கிறதா என்று பாருங்கள், அது அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். மயிலின் அகவல் நிச்சயம் கேட்கும். இரண்டுக்கும் உங்கள் ஊரில் பஞ்சமில்லை.

கேட்காததைக் கண்ணால் எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு மாதம் அதற்கு மிக நல்ல காலம். கரண்டுக் கம்பியில் பழுப்பாக, மந்தமாக உட்கார்ந்திருக்கிற பனங்காடையைக் கவனியுங்கள். ஜோடி சேருகிற காலத்தில் அது திடீரென்று நேர் மேலே ஏறி, உச்சியிலிருந்து புரண்டு புரண்டு விழும். அப்போதுதான் இறக்கையின் நீலம் முழுதாக விரியும். அப்படி ஒரு நீலத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. கானாற்றுக் கரையில் மண் சரிந்த இடத்தில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக்கொண்டிருக்கும், மண்ணைக் காலால் தள்ளுவதைப் பொழுதுபோகப் பார்க்கலாம். வேலியில் கல்யாண முருங்கை சிவப்பாகப் பூத்திருந்தால் அதன் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். மைனா, கரிச்சான், தேன்சிட்டு, காக்கா எல்லாம் வரிசையாகத் தேன் குடிக்க வரும்.

பேரனுக்குக் காது, உங்களுக்குக் கண். அவன் சத்தம் வருகிற மரத்தைக் காட்டட்டும், எந்தக் கிளை என்று நீங்கள் கண்டுபிடியுங்கள். அத்தனை வருஷம் ரோட்டைப் பார்த்த கண்ணுக்கு அது சுலபம்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம். விவசாயம் பார்த்தவர், இப்போது கட்டிலோடு இருக்கிறார். நாள் முழுக்க டிவிதான். பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் பேசுவதே இல்லை. நடக்க முடியாதவருக்கு என்ன வழி?
— வாசகி, அரூர்

பதில்: கட்டிலை நகர்த்துங்கள். வேறு எதற்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் 1984இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களின் பதிவேடுகளை எடுத்து, ஒத்த வயது, ஒத்த உடல்நிலை என்று 23 ஜோடிகளாகப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பக்கவாதத்துக்கும் அதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதற்கும் மரத்தைப் பார்த்துப் படுத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று உழவரான உங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் ஏழு முதல் ஒன்பது வரைக்கும் திண்ணையிலோ, அவர் பார்வை வெளியே போகும்படி ஜன்னல் ஓரத்திலோ படுக்கை இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நிழலில், பூனை எட்டாத உயரத்தில் ஓர் அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தினமும் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு வந்துவிடும். முதல் சில நாள் ஒன்றும் வராது, பொறுத்திருங்கள். அப்புறம் சின்னான் வரும், தலையில் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக. மைனா வரும், தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து குளித்துச் சட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும். அது அவருக்குப் பிடிக்கும். மதிய வெயிலில் எல்லாம் அடங்கியபிறகும் குக்குறுவான் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். முருங்கை மரத்தில் காய்ந்த கிளை இருந்தால் வெட்டாதீர்கள், அதில்தான் அது பொந்து குடையும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ‘இது என்ன குருவிப்பா?’ என்று கேளுங்கள். தெரிந்திருந்தாலும் கேளுங்கள். நிலத்தில் வேலை செய்தவர்களிடம் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பெயர் இருக்கும், எந்தப் பறவை கத்தினால் மழை, எது வந்தால் அவரைப் பூவுக்குக் கேடு என்று ஒரு கணக்கு இருக்கும். எந்த ஆசிரியரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாம் அவராகச் சேர்த்தது. அவர் மெதுவாகச் சொல்லட்டும், நடுவில் நீங்கள் வார்த்தையை முடித்துவைக்காதீர்கள். சொன்னதை அவர் கண்ணெதிரே ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், எனக்குத் தெரியாத பெயர்கள் அதில் கட்டாயம் இருக்கும்.

கேள்வி: தினமும் கேட்க ஆசையாக இருக்கிறது, ஒரு ஜோடி பச்சைக்கிளி வாங்கிக் கூண்டில் வளர்க்கலாமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். சாயங்காலம் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறந்து போகிற கிளிகளை மாடியில் நின்று கேளுங்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். பறவைகளைப் பற்றி நோட்டு போட ஆசை. அண்ணன் ‘மெர்லின்’ செயலி இருந்தால் போதும், அதுவே பெயர் சொல்லிவிடும் என்கிறான். நோட்டில் என்ன எழுதுவது?
— மாணவி, பர்கூர்

பதில்: அண்ணன் சொல்வது சரிதான் பாப்பா. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகக் கொடுக்கிற செயலி அது. குரலைப் பதிவு செய்தால் என்ன பறவையாக இருக்கலாம் என்று காட்டும். ஆனால் போனை நீட்டுவதற்கு முன்னால் நீயே கேட்டு, உன் எழுத்தில் அந்தச் சத்தத்தை எழுதிப் பார். ‘கூ’ எத்தனை முறை, நீளமா குட்டையா, மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுது. பிறகு செயலியைக் கேள். இரண்டும் ஒத்துப்போனால் அந்தக் குரலை மறக்கவே மாட்டாய்.

நோட்டில் தேதி, மணி, இடம், எந்த மரம், அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுது. பெயர் தெரியாவிட்டால் இடம் விட்டுவை. கூட்டுக்குப் பக்கத்தில் போகாதே, எட்டி நின்று பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாருமாகப் பாரூர் ஏரிக்கோ கிருஷ்ணகிரி அணைக்கோ போனால் நோட்டையும் எடுத்துப் போ. 2015இலிருந்து ஒவ்வொரு வருஷமும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுக்கிறார்கள், அடுத்த தையில் நீயும் சேர்ந்துகொள்ளலாம்.

இப்போதைக்கு உனக்கு ஒரு வேலை தருகிறேன். சூறைக்குருவிகள் இந்த வருஷம் உன் ஊரை விட்டு எப்போது கிளம்புகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாகப் பார்க்கிற நாளில் அதுதான் கடைசி என்று தெரியாது. அதனால் பார்க்கிற ஒவ்வொரு நாளும் தேதி போட்டு வை. பத்து நாள் தொடர்ந்து ஒன்றும் தென்படவில்லை என்றால், நோட்டில் இருக்கிற கடைசித் தேதியை எனக்கு எழுதி அனுப்பு. நானும் இங்கே குறித்து வைக்கிறேன். பர்கூரிலிருந்து முதலில் போயினவா, காவேரிப்பட்டணத்திலிருந்தா என்று அடுத்த இதழில் போட்டுவிடலாம்.